15 குதிரை எஞ்சின்: கடலுக்கு ரெண்டாவது புரொப்பலர் கொண்டு போறனீங்களோ?

பாஷையூர்ப் பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். எங்களிட்ட இருக்கிறது 18½ அடி பிளாஸ்டிக் போட், 15 குதிரை மண்ணெண்ணெய் எஞ்சின். இவ்வளவு நாளும் யாழ்ப்பாணப் பரவைக்கடலுக்குள்ள, கரையோர ஆழமில்லாத தண்ணியிலதான் நண்டு வலை போட்டுக்கொண்டு இருந்தனாங்கள். இனி மாமாவோட சேர்ந்து பாலைதீவுக்கு அங்காலயும், காத்துப் பார்த்து நெடுந்தீவுக்குத் தெற்கையும் போற யோசினை இருக்கு.

எங்கட துறையில ஒருத்தர் ஸ்பெயார் புரொப்பலர் இல்லாமல் வெளிக்கடலுக்குப் போகாதை எண்டுறார். மாமா, "நான் தலை நரைக்கும் வரைக்கும் ஒண்டோடதான் போனனான்" எண்டுறார். கடையில விலை கேட்டன். கேட்டிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திட்டன். உண்மையா வேணுமோ? வேணுமெண்டா அதோட வேற என்ன கொண்டு போக வேணும்?

எஞ்சின்காரன்

தம்பி, நான் கரையில எஞ்சின் திருத்துறவன். என்ர மேசைக்கு என்ன வருது எண்டு மட்டும் சொல்லுறன், முடிவை நீர் எடும்.

செட்டை, அதாவது இதழ், முறிஞ்சு வாற புரொப்பலர் குறைவு. கூட வாறது உள்ளுக்குள்ள ரப்பர் புஸ் விட்டுப்போன புரொப்பலர். வெளியால பார்த்தா ஒரு கீறலும் இருக்காது. புரொப்பலருக்கும் தண்டுக்கும் நடுவில ரப்பர் ஒண்டு அமத்தி இறுக்கி இருக்கு. செட்டை கல்லில அடிச்சா அந்த ரப்பர் வழுக்கி அடியை வாங்கும், கியர் தப்பும். நாலைஞ்சு குதிரை சின்ன எஞ்சினுகளில இதுக்குப் பதிலா ஒரு சின்னப் பின் இருக்கும், அது முறிஞ்சு கியரைக் காப்பாத்தும். பத்து, பதினைஞ்சு குதிரைக்கு வந்தா ரப்பர்தான். ஒருக்கா வழுக்கின ரப்பர் பிறகு பாரம் இழுக்காது. எஞ்சின் கத்தும், போட் நகராது. ஆனா மெதுவா விட்டா கொஞ்சம் கொஞ்சமா போகும். அப்பிடி நடந்தா பதறாமல் ஆகக் குறைஞ்ச வேகத்தில கரைக்கு வாரும்.

இண்டைக்கே ஒரு வேலை செய்யும். புரொப்பலரின்ர பின்பக்கம் உள் வளையத்தில இருந்து வெளி வளையத்துக்குப் பெயின்ரால ஒரு நேர்கோடு போட்டு விடும். கோடு ரெண்டும் விலகி நிண்டா ரப்பர் வழுக்கிப் போச்சு. காசில்லாத சோதனை.

நெடுந்தீவான்

புரொப்பலரை விடுங்கோ. முதல்ல நங்கூரம் என்ன நிலைமையில இருக்கு, கயிறு எவ்வளவு நீளம் எண்டு சொல்லும் தம்பி.

வாடைக்காத்து வடகிழக்கில இருந்து அடிக்கிறது. நெடுந்தீவுக்குத் தெற்கில எஞ்சின் நிண்டா காத்து உம்மைத் தள்ளுறது தென்மேற்கு. அங்கால என்ன கிடக்கு? கச்சதீவு, அதுக்கு அங்கால 1974 இல ரெண்டு நாடும் கீறின கோடு, அதுக்கும் அங்கால இராமேஸ்வரம். நித்திரை கொண்டு எழும்ப முதல் வேற நாட்டுக் கடலில நிப்பீர். பிறகு புரொப்பலர் இருந்தா என்ன, விட்டா என்ன, வழக்கு முடியும் வரைக்கும் போட்டும் வராது நீரும் வரமாட்டீர்.

ஆனா எங்கட பக்கத்துக் கடல் ஆழமில்லை. பாக்குநீரிணையின்ர எங்கட பக்கத்தில பெரும்பாலும் 15 மீட்டருக்குள்ளதான். நல்ல நங்கூரமும் ஆழத்தைப்போல நாலைஞ்சு மடங்கு கயிறும் இருந்தா நிண்ட இடத்திலயே நிக்கலாம். நிண்டாத்தான் திருத்தலாம், விடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். பரவைக்கடலில தொழில் செய்யிற கன பேரின்ர போட்டில கல்லுக்கட்டின துண்டுக் கயிறுதான் கிடக்கும். அது மண்டைதீவுக்குள்ள காணும், வெளியில காணாது.

பேர்கன் போட்காரன்

நான் நோர்வேயில இருக்கிறன், ஊர் புங்குடுதீவு. இங்க கோடையில சின்னப் போட் வைச்சிருக்கிறன். ஸ்ரெயின்லெஸ் புரொப்பலர் ஒண்டு வாங்கிப் போட்டா கல்லுக்கும் அசையாது, ஸ்பெயாரே தேவைப்படாது. அதோட விஎச்எஃப் ரேடியோ ஒண்டு, 16 ஆம் சனல். உதவி கேட்க உலகம் முழுக்க அதுதான். இன்னொண்டு, சின்ன எஞ்சின்காரர் இங்க ஸ்பெயார் பின்னையும் பிளக்கையும் எஞ்சின் மூடியின்ர உட்பக்கம் ரேப்பால ஒட்டி வைக்கிறவை. எஞ்சின் போற இடமெல்லாம் அதுவும் போகும்.

எஞ்சின்காரன்

பேர்கன் அண்ணை, மூடிக்குள்ள ஒட்டுறது நல்ல யோசினை, நாளைக்கே நானும் செய்யிறன். மூடிக்குள்ள சுத்துற ஃப்ளைவீல் சக்கரத்தில படாத இடமாப் பார்த்து ஒட்ட வேணும். ஸ்ரெயின்லெஸ் மட்டும் வேண்டாம். உங்கட கடல் பள்ளம், எங்கட கடல் முருகைக்கல். அலுமினியம் கல்லில பட்டா செட்டை வளையும், போறது அந்தச் செட்டை மட்டும். ஸ்ரெயின்லெஸ் வளையாது. வளையாட்டி அந்த அடி எங்க போகும்? ரப்பருக்கும் தண்டுக்கும் கியருக்கும். புரொப்பலர் மினுங்கிக்கொண்டு இருக்கும், கியர்ப்பெட்டி என்ர மேசையில கிடக்கும்.

ஊர்காவற்றுறை அக்கா

கல்லு மட்டும் இல்லை. பரவைக்கடல் முழுக்க மீன் பிடிக்க நட்ட களங்கண்டிக் கம்பு, சிறகுவலைக் கம்பு. இப்ப கடலட்டைப் பண்ணைக் கம்பும் சேர்ந்து போச்சு. போன கிழமை வழி இருந்த இடத்தில இந்தக் கிழமை கம்பு நிக்குது. இருட்டில எங்க எண்டு பார்த்து ஓட்டுறது? எங்கட வீட்டுக்காரர் மூண்டு போட் வைச்சு நடத்துறவர், கணக்குப் பார்க்கிறது நான். அதால சொல்லுறன்: ஒவ்வொரு போட்டுக்கும் ஒரு ஸ்பெயார் புரொப்பலர் கட்டாது. எங்கட மூண்டுக்கும் ஒரே மாதிரி எஞ்சின் எடுத்ததால ஒரு புரொப்பலர் காணும். துறையில நாலைஞ்சு குடும்பம் சேர்ந்து ஒண்டு வாங்கி வைக்கலாமே.

நெடுந்தீவான்

அக்கா, கரையில கிடக்கிற புரொப்பலர் கடலில நிக்கிறவனுக்கு என்னத்துக்கு?

ஊர்காவற்றுறை அக்கா

தம்பி, மூண்டு போட்டும் ஒண்டாத்தான் போகும். அண்டைக்கு வெளியால நிக்கிற போட்டில அது இருக்கும். தனியப் போறவைக்கு நீங்கள் சொல்லுறது சரி. ஆனா தனியப் போற ஆளுக்கு முதல்ல வேண்டியது புரொப்பலர் இல்லை, சேர்ந்து போக ஒரு ஆள்.

எஞ்சின்காரன்

சேர்ந்து வாங்குறவை ஒண்டைக் கவனியுங்கோ. ஒரே குதிரைவலு எண்டதுக்காக ஒரே புரொப்பலர் பொருந்தாது. தண்டில இருக்கிற பல்லின்ர எண்ணிக்கை கொம்பனிக்குக் கொம்பனி வித்தியாசம். யமஹாவுக்கு வாறது சுசுகிக்கு ஏறாது. ஒரே கொம்பனியிலயே பழைய மொடலுக்கும் புதுசுக்கும் மாறுறது இருக்கு. எண்ணிப் பார்த்து, ஏத்திப் பார்த்து வாங்க வேணும்.

அடுத்தது அளவு. புரொப்பலரில வெட்டியிருக்கிற ரெண்டு இலக்கத்தில முதலாவது விட்டம், ரெண்டாவது பிச். ரெண்டும் அங்குலக் கணக்கு. ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம் முன்னுக்குத் தள்ள வேணும் எண்டதுதான் பிச். ஸ்பெயாருக்கு எடுக்கேக்க இப்ப இருக்கிறதை விட ஒரு அங்குலம் பிச் குறைச்சு எடுத்தாலும் நட்டமில்லை. எஞ்சின் நிமிசத்துக்கு 150, 200 சுத்துக் கூடச் சுத்தும், வேகம் கொஞ்சம் குறையும், ஆனா பாரத்தோட இழுக்கும். இன்னொரு போட்டைக் கட்டி இழுத்து வரவும் அதுதான் நல்லது. திறட்டிலை மட்டும் முழுக்கப் பிடிக்காதேங்கோ.

பாஷையூர்ப் பொடியன்

நன்றி அண்ணை. கல்லில பட்டு வளைஞ்ச பழைய அலுமினியம் ஒண்டு வீட்டில கிடக்கு. அதை வெல்டிங் வைச்சு நிமித்தி ஸ்பெயாரா வைச்சா என்ன? புதுசு வாங்கத் தேவையில்லையே.

குருநகர் சோளகம்

வைக்கலாம், ஆனா மறுவளமா வையும். நிமித்தின பழசைப் பரவைக்கடலுக்குள்ள கம்புக்கும் கடலில வளருற சாதாளைக்கும் நடுவில போட்டு ஓட்டும். நல்லதைச் சாக்கில சுத்தி ஸ்பெயாரா வையும். நடுக்கடலில ஏத்தப்போறது நல்லதா இருக்க வேண்டாமோ? எல்லாரும் பழசைத்தான் ஸ்பெயார் எண்டு போட்டின்ர முன்பக்க அணியத்துக்குள்ள எறிஞ்சு வைச்சிருக்கினம். அது பொருந்துமோ எண்டு ஒருக்காலும் ஏத்திப் பார்த்திருக்க மாட்டினம்.

எஞ்சின்காரன்

சோளகத்தாரோட எனக்கு ஒத்துவராது. வெல்டிங் வைச்ச செட்டையில ஒரு பக்கம் பாரம் கூடும், எஞ்சின் நடுங்கும். நடுக்கம் நாளாந்தம் எண்டா தண்டின்ர ஒயில் சீல் போகும். கியர் ஒயிலுக்குள்ள தண்ணி வந்தா அது பால்தேத்தண்ணி மாதிரி வெளுக்கும். அதைக் கவனிக்காமல் விட்டா மிச்சத்துக்கு என்னட்டத்தான் வருவீர். நிமித்தினது ஒருநாள் கரைக்கு வரக் காணும், ஒவ்வொரு நாளும் ஓட்டக் காணாது.

குருநகர் சோளகம்

நிமித்திறவரைப் பொறுத்தது அது. எங்கட பக்கத்தில ஒருத்தர் தராசு மாதிரிக் கம்பியில கோத்துச் சுத்திவிட்டு, பாரமான பக்கத்தை அராவித்தான் தருவார். சரி, அதை விடுவம். தம்பிக்கு ஒருத்தரும் சொல்லாதது கடலில மாத்திற வேலை. புரொப்பலரை வாங்கிறது ஒரு மணித்தியாலம், மாத்தத் தெரியாட்டி அது இரும்புக்கட்டி.

எஞ்சினைத் தூக்கினா புரொப்பலர் போட்டுக்கு வெளியால, தண்ணிக்கு மேல நிக்கும். நீர் பின்பக்கத்தில குனிஞ்சு கிடந்து கையை நீட்ட வேணும். கரையில அஞ்சு நிமிச வேலை. அங்க அலை ஒருக்கா தூக்கும், ஒருக்கா அடிக்கும். முதல்ல நங்கூரத்தை அணியத்தால இறக்கும், அப்ப போட் காத்தைப் பார்த்து நிக்கும். கூட வாறவரையும் ஈரவலையையும் அணியப் பக்கம் அனுப்பும். ரெண்டு பேரும் பின்னுக்கு நிண்டா பாரத்தில பின்பக்கம் தாழ்ந்து அலை உள்ளுக்கு வரும். பிறகு எஞ்சினை நிப்பாட்டுற கயிற்றுக் கிளிப்பைக் கழட்டிச் சட்டைப்பைக்குள்ள போடும், பிளக் வயரையும் இழுத்து விடும். பிறகு எஞ்சின் ஏன் தானா எடுபட்டது எண்டு கேட்கக்கூடாது, சூடான எஞ்சின் புரொப்பலரைக் கையால சுத்தினாலும் ஒரு அடி அடிக்கும்.

இனி கழட்டுறது. செட்டைக்கும் மேல் தட்டுக்கும் நடுவில ஒரு பலகைத் துண்டைச் செருகினா புரொப்பலர் சுத்தாது, நட் கழரும். நட் கழராமல் பிடிக்கிற ஸ்பிளிட் பின்னை நிமித்தி இழுக்கக் குறடு. நட்டுக்குச் சரியான அளவுச் சாவி, திருகுசாவி எண்டா மூலை மழுங்கும். நட், பின்பக்க வோஷர், புரொப்பலர், கடைசியா உள்ளுக்கு நிக்கிற தடிச்ச வோஷர். அந்தத் தடிச்ச வோஷர்தான் கதை. கிறீஸ் இருந்தா தண்டில ஒட்டிக்கொண்டு நிக்கும். இல்லாட்டி புரொப்பலரோட சேர்ந்து வந்து, "டொப்" எண்டு கடலுக்குள்ள. அது இல்லாமல் புரொப்பலர் ஏத்தினா முன்னுக்குப் போய்க் கியர்ப்பெட்டியில உரஞ்சும். ஸ்பெயார் புரொப்பலர் கையில இருந்தும் போகேலாமல் நிக்கிற ஆக்கள் இதாலதான்.

அதால என்ன செய்யிறனாங்கள் எண்டா, புரொப்பலருக்குக் கீழ கரைவலைத் துண்டு ஒண்டை எஞ்சினில ரெண்டு பக்கமும் கட்டித் தொட்டில் மாதிரி விடுறது. விழுறது அதுக்குள்ள விழும். ஸ்பெயார் புரொப்பலரை வைக்கேக்கயே தடிச்ச வோஷர், பின்பக்க வோஷர், நட், மூண்டு நாலு ஸ்பிளிட் பின் எல்லாத்தையும் ஏத்துற ஒழுங்கில ஒரு கம்பியில கோத்து, கிறீஸ் பூசி, அகன்ற வாய்ப் பிளாஸ்ரிக் போத்தலுக்குள்ள போட்டுப் புரொப்பலரோடயே கட்டி வையும். தலையில கட்டுற ரோச் ஒண்டும் அதோட. வாயில ரோச்சைக் கவ்விக்கொண்டு இந்த வேலை செய்து பார்த்தவருக்குத் தெரியும்.

ஒருநாள் கரையில, முழங்கால் தண்ணியில நிண்டு, கண்ணை மூடிக்கொண்டு கழட்டி ஏத்திப் பாரும்.

வல்வெட்டித்துறை வடக்கன்

எங்கட பக்கம் கதை வேற. சோளகக் காத்து தென்மேற்கில இருந்து, கரையில இருந்து கடலுக்கு அடிக்கிறது. எஞ்சின் நிண்டா வங்காள விரிகுடாவுக்குத்தான் இழுக்கும், நங்கூரம் எட்டுற ஆழமும் வெளியில இருக்காது. அதால நாங்கள் சோளகக் காத்துக் காலத்துக்கு ஸ்பெயார் எஞ்சினே கொண்டு போறது, சின்ன எட்டுக் குதிரை. புரொப்பலர் மாத்தி மெனக்கெடுறதில்லை. வசதி உள்ளவைக்குச் சரி.

ரெண்டு துடுப்பும் ஒரு மரக்கோலும் ஒருத்தரும் எழுதேல்லை எண்டதையும் சொல்லி வைக்கிறன். பரவைக்கடலுக்குள்ள மரக்கோல் போல ஒரு ஸ்பெயார் இல்லை.

எஞ்சின்காரன்

தம்பியின்ர ரெண்டாவது கேள்விக்கு வாறன், மிச்சச் சாமான். நான் ஒரே ஒரு கணக்கில பார்க்கிறது: உம்மட கையால, ஆடுற போட்டில, இருட்டில பூட்ட ஏலுமெண்டா கொண்டு போம். ஏலாதெண்டா கரையில வைச்சு நேரத்துக்கு மாத்தும். கன பேர் எஞ்சினை ஆத்துற தண்ணிப் பம்பின்ர ரப்பர்ச் சக்கரம், இம்பெல்லர் கொண்டு திரியினம். அதை மாத்தக் கீழ்ப்பாதியையே கழட்ட வேணும், கடலில நடக்காத வேலை. எங்கட கடல் மண் கலங்கின கடல், இம்பெல்லர் கெதியா தேயும். வருசத்துக்கு ஒருக்கா கரையில மாத்திவிட்டா முடிஞ்சுது. எஞ்சினுக்குப் பின்னால தண்ணி பீச்சுறது குறைஞ்சா முதல்ல நிப்பாட்டித் தூக்கி, தண்ணி இழுக்கிற வாயில சாதாளையோ பொலித்தீனோ ஒட்டியிருக்கோ எண்டு பாரும். பீச்சுற ஓட்டை அடைச்சா ஒரு துண்டு தங்கூசி (நைலோன்) நரம்பால குத்தி எடுக்கலாம்.

பிளக் கட்டாயம், ஒரு சோடி இல்லை ரெண்டு சோடி. மண்ணெண்ணெய் எஞ்சினில பிளக் கரி பிடிக்கும். பிளக் சாவியும் சேர்த்து. மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்ட்டில 87 ரூபாயில இருந்து 340 ஆனதுக்குப் பிறகு கண்டதையும் கலந்து ஓட்டுற ஆக்கள் கூடிப்போச்சினம், பிளக் அதைச் சொல்லிக் காட்டும்.

எல்லாத்துக்கும் மேல, பெற்றோல் தனிய ஒரு போத்தல். மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில எடுத்துச் சூடாக்கித்தானே மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. நிப்பாட்ட முதலும் பெற்றோலுக்கு மாத்தி ஓடவிட்டு நிப்பாட்ட வேணும். கடலில திடீரெண்டு நிண்டு ஆறிப்போச்செண்டா மண்ணெண்ணெயில திரும்ப எடுபடாது. புரொப்பலரை அருமையா மாத்தி முடிச்சு, எஞ்சினை எடுக்கப் பெற்றோல் இல்லாமல் நிக்கிறது தேவையோ?

எண்ணெய்க் குழாய் பூட்டுற கனெக்ரருக்குள்ள ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கு. அது வெடிச்சா காத்து இழுத்து எஞ்சின் நிண்டு நிண்டு போகும். ரெண்டு வளையம், ஒரு குழாய்க் கிளிப்.

பிறகு இழுத்து எடுக்கிற கயிறு. அது அறுந்தா மேல் மூடியைக் கழட்டி, ஃப்ளைவீலின்ர வெட்டுக்குள்ள முடிச்சுப் போட்ட கயிறைச் செருகி, சுத்தி, இழுக்கலாம். கைபிடி போட்ட ஒன்றரை மீட்டர்க் கயிறு ஒண்டு வையும். இப்பிடி இழுக்கேக்க கியர் நியூட்ரலில இருக்கோ எண்டு நீர்தான் பார்க்க வேணும், எஞ்சின் உம்மைக் காப்பாத்தாது. சாரத்தை மடிச்சு இறுக்கிக் கட்டும். சுத்துற ஃப்ளைவீலில சாரம் மாட்டினா நினைச்சுப் பார்க்கவே வேண்டாம்.

நெடுந்தீவான்

கத்தியை மறந்திட்டியள் அண்ணை. இப்ப புரொப்பலரை நிப்பாட்டுறது கல்லை விட வலைதான். இழுவைப்படகு வந்துபோன விடியல் பாருங்கோ, அறுந்த வலையும் கயிறும் பாய் மாதிரி மிதந்து வரும். 2017 இல இழுவைமடியைத் தடைசெய்து சட்டம் போட்டது தாளில, கடலில வலைத்துண்டு குறையேல்லை. பல்லுக்கத்தி, கம்பியில கட்டிப் போட்டுக்கு உள்ளுக்கே தொங்க வேணும். கயிறு சுத்தினா கியரை முன்னும் பின்னும் போட்டு அறுக்கப் பார்க்காதேங்கோ, இறுகும்.

எஞ்சின்காரன்

அது சரி. வலை சுத்தினா வெளியால வெட்டினதோட விட்டிடவும் கூடாது. தங்கூசி உருகித் தடிச்ச வோஷருக்குப் பின்னால போய் இருக்கும், அங்க கிடந்து சீலை அரியும். கரைக்கு வந்தவுடனே புரொப்பலரைக் கழட்டிப் பாருங்கோ. அந்தக் கழட்டலிலயே கிறீஸும் பூசுப்படும், இல்லாட்டி உப்புப் பிடிச்சுத் தேவைப்படுற அண்டைக்குக் கழராது.

பேர்கன் போட்காரன்

ரேடியோவுக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை :)

ஊர்காவற்றுறை அக்கா

நீங்கள் வாங்கி அனுப்புங்கோ தம்பி, நாங்கள் சனல் திருப்புறம். பகிடி. கைரேடியோ இருக்கிற போட்டும் இருக்கு. மிச்சம் எல்லாருக்கும் போன்தான். நெடுந்தீவுக்குத் தெற்கில சிக்னல் வந்து வந்து போகும். போனைத் தண்ணி போகாத பையில போட்டு, எங்க போறம் எப்ப வாறம் எண்டு வீட்டில சொல்லிப் போட்டுப் போனா, வராட்டி எங்க தேடுறது எண்டாவது எங்களுக்குத் தெரியும். லைஃப் ஜாக்கெற்றை அணியத்துக்குள்ள திணிச்சு வைக்கிற பழக்கத்தையும் விடுங்கோ.

பாஷையூர்ப் பொடியன்

எல்லாருக்கும் பெரிய உபகாரம். மாமாவிட்ட வாசிச்சுக் காட்டினன். நங்கூரக் கயிறுக்கு மட்டும் உடன தலையாட்டினார், மிச்சத்துக்கு "பார்ப்பம்" எண்டார். பெயின்ற் கோடு போட்டாச்சு. பக்கத்து வீட்டு அண்ணையும் அதே எஞ்சின், பல்லை எண்ணிப் பார்த்தம், சரியா வருது. ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்டு வாங்கிறது எண்டு கதைச்சிருக்கிறம், ஒண்டாத்தான் போகப்போறம்.

கடைசியா ஒரு கேள்வி. ஸ்பிளிட் பின் கடையில இரும்பும் இருக்கு, ஸ்ரெயின்லெஸ்ஸும் இருக்கு. எது? அதுவும் கடலுக்குள்ள விழுந்து முடிஞ்சா என்ன போடலாம்?

குருநகர் சோளகம்

ஸ்ரெயின்லெஸ். இரும்பு ஒரு மாரிக்குள்ள ஊத்தையாகி முறிஞ்சு ஓட்டைக்குள்ளயே நிண்டுபோகும், பிறகு அதைத் தோண்ட வேணும். பழசை நிமித்தித் திருப்பிப் போடாதையும், வளைச்ச இடத்தில முறியும். ஒண்டும் இல்லாட்டி ஸ்ரெயின்லெஸ் கம்பி ஒரு சாண், ரெண்டா மடிச்சு ஓட்டைக்குள்ள விட்டு நட்டைச் சுத்தி முறுக்கும். கரைக்கு வரக் காணும். நட்டை ஓட்டைக்கு நேராக் கொண்டுவரப் பின்னுக்குத் தளர்த்தாமல், முன்னுக்கு இறுக்கி அடுத்த வெட்டுக்குக் கொண்டு போம்.